ஜெர்மனி என்று நாங்கள் கூப்பிட்டவள்

அவள் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால், "நான் எப்ப சம்மதம் சொன்னேன், காட்டு" என்று கேட்பாள். காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை.

நாங்கள் இருவரும் திருமங்கலத்தில் பஸ் ஏறி மதுரையில் ஒரு பெண்கள் பள்ளிக்குப் போய்வந்தோம். அவள் ஜன்னலோரம், நான் பக்கத்தில். பிளஸ் ஒன் முடிகிற வரை அவளிடம் விசேஷமாக எதுவும் இருந்ததாக நினைவில்லை. ஒல்லியாக இருப்பாள், எண்ணெய் வழிய இரட்டைச் சடை போட்டிருப்பாள், வரலாற்றில் மட்டும் நல்ல மார்க் வாங்குவாள். எங்களுக்கு வரலாறு என்றால் புக் பேக் கேள்வியும் கைடும்தான். போருக்கான காரணங்கள் எட்டு என்றால் எட்டு. ஒன்பதாவது காரணம் எழுதினால் அதற்கு மார்க் கிடையாது.

எங்கள் பள்ளிக்கும் ஜெர்மனியில் ஒரு சின்ன ஊர்ப் பள்ளிக்கும் ஏதோ தொடர்பு இருந்தது. அந்த வருடக் கோடை விடுமுறையில் மூன்று வாரம் அங்கே போய் வரலாறு படிக்க நான்கு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். அதில் அவள் ஒருத்தி. செய்தி வந்த மூன்றாம் நாள் அவளுடைய பெரியப்பா ஊர் முக்கில் பிளக்ஸ் வைத்துவிட்டார். அவள் பாஸ்போர்ட் போட்டோ, ஒரு விமானம், மாமன் மச்சான் பெயரெல்லாம் வரிசையாக, பின்னால் ஈபிள் கோபுரம்.

"பெரியப்பா, அந்த டவர் பாரிஸ்ல இருக்கு. நான் போறது ஜெர்மனி."

"டவர் டவர்தானே தாயி. எந்த ஊருல இருந்தா என்ன? நீ வெளிநாடு போறது எல்லாருக்கும் தெரியணும், அம்புட்டுத்தான்."

மறுநாள் காலையில் பஸ்ஸுக்கு வந்தபோது பார்த்தேன். கோபுரத்தின் மேல் வெள்ளை சார்ட் பேப்பரை வெட்டி ஒட்டியிருந்தாள். பெரியப்பா நான்கு நாள் அவளிடம் பேசவில்லை. ஆக, இந்தக் குணத்தை ஜெர்மனி கொடுத்தது என்று சொல்ல முடியாது. முன்னமே இருந்தது. அங்கே போய் அதற்குச் சாணை பிடித்துக்கொண்டு வந்தாள்.

திரும்பி வந்தவளைப் பிரேயரில் பேசச் சொன்னார்கள். கோட்டை, மலை, சுத்தமான தெரு என்று ஏதாவது சொல்வாள் என்று தலைமையாசிரியை எதிர்பார்த்திருப்பார். அவள் ஒரு தையல் மெஷினைப் பற்றிச் சொன்னாள்.

நாஜி ஆட்சிக் காலத்தில் அந்த ஊரிலிருந்த யூதக் குடும்பங்களை ரயிலேற்றி அனுப்பினார்கள். யாரும் திரும்பவில்லை. அவர்கள் விட்டுப்போன கட்டில், பீரோ, பாத்திரங்களை ஊர்க்காரர்களுக்கே ஏலம் விட்டார்கள். எதை யார் எடுத்தார்கள் என்ற பட்டியல் ஊர் ஆபீஸில் இருக்கிறது. அங்கே பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடப் புத்தகத்துக்குப் பதிலாக அந்தத் தாள்களின் நகலைக் கொடுத்து ஆளுக்கு ஒரு பக்கம் வாசிக்கச் சொன்னார்களாம். ஒரு பையன் வாசித்துக்கொண்டே வந்தவன் ஒரு வரியில் நின்றுவிட்டான். பிறகு அதையும் வாசித்தான். தையல் மெஷின் ஒன்று. எடுத்தவர் பெயர் இன்னது. அது அவனுடைய கொள்ளுத்தாத்தாவின் பெயர். காதெல்லாம் சிவந்து போய்விட்டதாம். பின்னாலிருந்து ஒரு பெண், "அந்த மெஷின் இப்போ எங்கே?" என்று கேட்டாள். "எங்க வீட்டுப் பரண்ல இருக்கு" என்றான்.

"அவன் நெனச்சிருந்தா அந்த வரியைத் தாண்டிப் போயிருக்கலாம். யாருக்கும் தெரிஞ்சிருக்காது" என்று சொல்லிவிட்டு அவள் மைக்கை விட்டு நகர்ந்தாள். தலைமையாசிரியை தொண்டையைச் செருமிக்கொண்டு, "அங்கே குப்பையை எப்படிப் பிரிக்கிறாங்கன்னும் சொல்லும்மா" என்றார். அதையும் சொன்னாள். நான்கு தொட்டி, நான்கு நிறம்.

அன்றிலிருந்து எங்களுக்கு அவள் ஜெர்மனி. "ஏ ஜெர்மனி, இங்கிட்டு வாடி" என்றால் திரும்பிப் பார்ப்பாள், கோபப்பட மாட்டாள்.

அங்கிருந்து ஒரு பழக்கத்தையும் கொண்டுவந்திருந்தாள். நோட்டில் எதை எழுதினாலும் ஓரத்தில் ஓர் எழுத்துப் போடுவாள். தானே கண்ணால் பார்த்தது என்றால் 'பா'. பிறர் சொல்லிக் கேட்டது 'கே'. நாமாக நினைத்துக்கொள்வது 'ஊ', அதாவது ஊகம். பாடத்துக்கு மட்டும் இல்லை, பஸ்ஸில் நாங்கள் பேசும் வம்புக்கும் அதே கணக்குத்தான். இயற்பியல் டீச்சருக்கும் அவர் வீட்டுக்காரருக்கும் ஆகாது என்று யாராவது ஆரம்பித்தால், "பாவா, கேயா?" என்று கேட்பாள். பேச்சு அதோடு படுத்துவிடும். வம்பு பேசாமல் ஒரு மணி நேர பஸ் பயணத்தை எப்படித்தான் கழிப்பது? பல பேர் சீட்டை மாற்றிக்கொண்டார்கள். நான் மட்டும் மாறவில்லை. பெரிய நட்பு என்றெல்லாம் இல்லை, எனக்கு வம்பு சொல்லத் தெரியாது.

திருமங்கலத்தில் ஒரு புரோட்டாக் கடை வாசலில் 'மூன்று தலைமுறைப் பாரம்பரியம்' என்று போர்டு இருந்தது. ஒரு நாள் பார்சல் வாங்கப் போன இடத்தில் கல்லாவில் இருந்தவரிடம், "அண்ணே, இது உங்க தாத்தா ஆரம்பிச்ச கடையா?" என்று கேட்டாள்.

"எங்க தாத்தா லாரி டிரைவர்மா. நான் இந்தக் கடைய எடுத்து நாலு வருசம் ஆச்சு."

"அப்ப மூணு தலைமுறை?"

"போர்டோட சேத்துத்தான் எடுத்தேன்."

அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கூட ஒரு பொட்டலம் சால்னா கட்டிக் கொடுத்தார். அவள் சிரிக்கவில்லை, நோட்டை எடுத்து எழுதிக்கொண்டாள். அந்த நேரத்தில் அவளைப் பார்க்க எரிச்சலாகத்தான் இருக்கும். புரோட்டா ஆறிக்கொண்டிருக்கும்.

இனி என் கதையைக் கொஞ்சம் சொல்லவேண்டும். அது இல்லாமல் அவளைச் சொல்ல முடியாது.

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுவாரம் எனக்குக் கல்யாணம் பேசினார்கள். மாப்பிள்ளை என் தாய்மாமா. அம்மாவுக்குக் கடைசித் தம்பி. சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தார். என்னைவிடப் பதின்மூன்று வயது மூத்தவர். கெட்டவர் இல்லை. எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் எனக்கு மட்டும் தனியாக அல்வா வாங்கி வருவார். அதற்காகக் கட்டிக்கொள்ள முடியுமா? மதுரையில் ஒரு கல்லூரியில் பி.எஸ்ஸி. கணிதம் படிக்க எனக்கு இடம் கிடைத்திருந்தது. அம்மா ஒரே பேச்சாக முடித்துவிட்டாள். "என் தம்பி காத்துக்கிட்டுக் கெடக்கான். அவன் வீட்டுல இருந்து படி." கொடிக்காலில் இருந்து கணிதம் படித்தவர்கள் யாரையும் நான் பார்த்ததில்லை. அப்பா திருமங்கலத்தில் உரக்கடை வைத்திருந்தார். வீட்டு விஷயத்தில் அம்மா சொல்வதுதான் அவருக்கும் வாக்கு. வைகாசியில் பரிசம் போட்டு, ஆவணியில் முகூர்த்தம் குறித்தார்கள்.

என் பள்ளிச் சான்றிதழில் பிறந்த தேதி ஜூன் ஒன்று. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்த பாதிப் பேருக்கு ஜூன் ஒன்றுதான் பிறந்தநாள். ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது தேதி தெரியாத பிள்ளைகளுக்கெல்லாம் ஹெட்மாஸ்டர் போட்டுக்கொடுத்த தேதி அது. ஐந்தாம் வகுப்பில் மஞ்சள்காமாலை வந்து ஒரு வருடம் வீட்டில் கிடந்ததால், அந்தத் தேதிப்படி பிளஸ் டூ முடிந்த ஜூனில் எனக்குப் பதினெட்டு நிறைந்துவிட்டது. ஆனால் அம்மா என் பிறப்பைப் பற்றிச் சொல்வது வேறு மாதிரி. சோழவந்தானில் அவள் தாய்வீட்டில், அதே வருடம் வைகையில் தண்ணீர் இரு கரையும் தொட்டுக்கொண்டு போன ஐப்பசியில் நான் பிறந்தேனாம். அப்படியானால் ஹெட்மாஸ்டர் என் வயதைக் கூட்டி எழுதியிருக்கிறார். உண்மையில் எனக்கு இன்னும் பதினேழுதான். ஆவணியில் கல்யாணம் செய்வது குற்றம். சமூகநல அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டால் ஜீப்பில் வந்து நிறுத்திவிடுவார்கள்.

இதை அவளிடம் மூச்சுவிடாமல் சொன்னேன். பிழைத்துக்கொள்ள ஒரு வழி தெரிந்துவிட்ட சந்தோஷம்.

"உங்க அம்மா சொன்னது கே" என்றாள் அவள். "பாக்கணும். வா, சோழவந்தான் போவோம்."

இரண்டு பஸ் மாறிப் போனோம். மாமாவின் ஊராயிற்றே. முக்காடு போடாத குறையாக அவள் முதுகுக்குப் பின்னால் நடந்தேன். பேரூராட்சி அலுவலகத்தில் பிறப்பு இறப்புப் பதிவேட்டைப் பார்த்துக்கொண்ட அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டிருந்தார். ஸ்கூல் புராஜெக்ட் என்று சொல்லலாம் என நான் பஸ்ஸிலேயே யோசனை சொல்லியிருந்தேன். அவள் கேட்கவில்லை.

"அக்கா, இவ எப்பப் பிறந்தான்னு இவளுக்கே தெரியல. கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

அந்த அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எதுக்கு?"

"இவளுக்குக் கல்யாணம் வச்சிருக்காக. இவளுக்கு இஷ்டமில்ல."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த அக்கா எழுந்து போய்த் தடிமனான பதிவேடு ஒன்றை எடுத்துவந்து மேசையில் போட்டார். அம்மா சொன்ன ஆற்றுவெள்ளத்தைச் சொல்லி, அந்த வருடத்தின் ஐப்பசிப் பக்கங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். அப்பா பெயரும் இல்லை, அம்மா பெயரும் இல்லை.

"பதியாம விட்டிருப்பாக" என்றேன். எனக்கு அதுவே போதும். பதிவே இல்லை என்றால் அம்மா சொல்வதுதான் சாட்சி.

"முந்தின வருசத்தையும் பாத்துருவோம்க்கா" என்றாள் அவள்.

"அந்த வருசமும் ஆத்துல தண்ணி வந்துச்சுல்ல" என்று சொல்லிக்கொண்டே அந்த அக்கா அடுத்த பதிவேட்டை எடுத்தார்.

மூன்றாவது பக்கத்தில் இருந்தேன். பெண் குழந்தை. பெயர் எழுதவில்லை. தகப்பனார் பெயர், தாயார் பெயர், தகவல் கொடுத்தவர் என்று தாத்தாவின் கையெழுத்து. நவம்பர் ஆறு. அம்மா சொன்ன மழை சரி, மாதம் சரி, வருடம்தான் ஒன்று தவறிவிட்டது. ஹெட்மாஸ்டர் என் வயதைக் கூட்டவில்லை, குறைத்திருக்கிறார். எனக்குப் பதினெட்டு எப்போதோ முடிந்துவிட்டது. சட்டத்தில் எனக்காக வைத்திருந்த கதவு மூடிவிட்டது.

அவள் அந்த வரியை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டாள். பக்க எண்ணையும் எழுதினாள். ஓரத்தில் 'பா' போட்டாள். அதைப் பார்த்தபோது எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது.

பஸ் ஸ்டாண்டில் வந்து நின்றதும் சொன்னேன். "அந்தத் தாளைக் கிழிச்சுப் போடு. நாம வரவே இல்ல. அம்மா சொன்ன வருசத்தையே சொல்லி போன் போடுவோம்."

"இல்லாததை நான் சொல்ல மாட்டேன்."

"உனக்கென்னடி, உனக்கா கல்யாணம்?"

அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"சரி, பதினேழுன்னு சொல்றோம். என்ன நடக்கும்?"

"கல்யாணம் நிக்கும்."

"எம்புட்டு நாளைக்கு?"

நான் விரல் விட்டேன். ஆனி, ஆடி, ஆவணி, புரட்டாசி. "ஐப்பசி வரைக்கும்."

"அப்புறம்?"

"தையில வைப்பாக."

"அப்பவும் ஜீப் வருமா?"

வராது என்று தலையை ஆட்டினேன்.

"பதினேழுன்னா உனக்காக ஆபீசரு பேசுவாரு. பதினெட்டுன்னா நீயே பேசலாம். வேணாம்னு சொல்ல உனக்கு வயசு ஆயிருச்சு."

"சொன்னா கேப்பாகளா?"

"அது தெரியாது" என்றாள். ஆறுதலாக ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நோட்டிலிருந்து அந்தத் தாளைக் கிழித்து என் கையில் கொடுத்தாள். வீட்டுக்குக் கூட வரும்படி கெஞ்சினேன். "நான் வந்து பேசுனா, நான் சொல்லிக்கொடுத்து நீ சொன்னதா ஆயிரும்" என்று மறுத்துவிட்டாள். அன்று அவளை வெறுத்தேன். மறைக்க ஒன்றுமில்லை, வெறுத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாமா வந்தார். ஒரு கவுளி வெற்றிலையும் கல்யாணப் பத்திரிகையின் மாதிரியும் கொண்டுவந்திருந்தார். அச்சடிக்கும் முன் பிழை பார்க்க என்னிடம் நீட்டினார். "நீதான் படிச்ச பிள்ளை. தப்பு இருந்தா சொல்லு."

பத்திரிகையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு அந்த நோட்டுத் தாளை எடுத்து வாசித்தேன். பெண் குழந்தை, நவம்பர் ஆறு, இன்ன வருடம், தகவல் கொடுத்தவர் தாத்தா. குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டாம் முறை வாசிக்கவேண்டியிருந்தது.

அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "அப்ப வயசுக்கு ஒரு கொறையும் இல்லன்னு சொல்லு! நான்கூட எவனாச்சும் போன் போட்டுருவானோன்னு பயந்துக்கிட்டுக் கெடந்தேன்."

"ஆமாம்மா. வயசு ஆயிருச்சு. அதனாலதான் சொல்றேன். எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்."

அம்மா கையை ஓங்கிக்கொண்டு வந்தாள். அப்பா டிவியை நிறுத்தினார். மாமா மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"என்னைய வேணாமா, இல்ல கல்யாணமே வேணாமா?" என்று கேட்டார்.

"ரெண்டும்தான் மாமா."

என் மடியிலிருந்த பத்திரிகையை எடுத்து இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "அக்கா, அவ வேணாங்கிறா. விட்ரு" என்றார். பிறகு எழுந்து பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சாப்பிடக்கூட இல்லை. அவ்வளவுதான் நடந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எங்கள் ஊர் வரலாறு. பரிசம் போட்ட கல்யாணம் நின்றால் ஊருக்குக் காரணம் சொல்லவேண்டும். பொம்பளைப் பிள்ளை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள் என்றால் மாமாவுக்கு அவமானம், எங்களுக்கும் அவமானம். அப்பா ஒரு காரணம் கண்டுபிடித்தார். "பள்ளிக்கூடத்துல வயசைக் கூட்டி எழுதிட்டாக. புள்ளைக்கு இன்னும் பதினெட்டு ஆகல. கேசாகிரும்." கேட்டவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். சட்டத்துக்கு யார் என்ன செய்ய முடியும்? ஆடி பிறக்குமுன் நான் கல்லூரியில் இருந்தேன். அந்தப் பொய் எனக்கும் வசதியாகத்தான் இருந்தது.

அடுத்த வருடம் மாமாவுக்கு வேறு இடத்தில் பெண் அமைந்தது. சோழவந்தான் மண்டபத்தில் கல்யாணம். ஜெர்மனியையும் அழைத்துப் போனேன். அப்போது சென்னையில் வரலாறு படித்துக்கொண்டிருந்தாள். பந்தியில் எங்கள் எதிரே உட்கார்ந்திருந்த பெரியம்மா அவளிடம் சொன்னாள். "இவளுக்குத்தான் மொதல்ல பேசுனோம். பாவம், வயசு பத்தல."

அவள் பெரியம்மாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். "அப்படியா?" என்று கேட்டாள்.

சாம்பார் வாளியோடு ஆள் வந்து நின்றான். நான் இலையைப் பார்த்துக்கொண்டு "ஆமா" என்றேன்.

கை கழுவும் இடத்தில் அவளிடம் காரணம் சொன்னேன். மாமாவுக்கு மரியாதைக் குறைச்சல் வரக்கூடாது என்றுதான், வேறொன்றும் இல்லை என்றேன்.

"மரியாதையா?" என்றாள். "ஒரு பொண்ணு வேணாம்னு சொன்னதைக் கேட்டு எந்திரிச்சுப் போன மனுசன். அவரு செஞ்ச அந்த ஒரு காரியத்தையும் சேத்துல்ல அழிச்சுட்டீக."

கோபமாகச் சொல்லவில்லை. கைக்குட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு மூன்று மணி பஸ்ஸுக்குப் போய்விட்டாள். பிறகு சில முறை போனில் பேசினோம். அவள் ஏதாவது கேட்பாள், நான் ஒரு வார்த்தையில் பதில் சொல்வேன். எங்களுக்குள் சண்டை இல்லை. சண்டை போட்டிருந்தால் சமாதானம் ஆகியிருக்கலாம். இப்போது அவள் எந்த ஊரில் வேலை பார்க்கிறாள் என்று தெரியும், நம்பரும் இருக்கிறது.

போன மாதம் என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் அம்மா அந்தப் பழைய கதையைச் சொன்னாள். அன்றைக்கு வயது பத்தவில்லை, பத்தியிருந்தால் இவள் இந்நேரம் என் தம்பி வீட்டில் இருப்பாள் என்றாள். அம்மா பொய் சொல்லவில்லை. அவள் அதை நம்பிவிட்டாள். என் முன்னால், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். காபி டம்ளர்களை நீட்டிக்கொண்டிருந்த எனக்கே ஒரு நொடி அது சரிதானே என்று பட்டது. அந்த நொடியில் நான் பயந்த மாதிரி மாமா முன்னால் தாளை வாசித்த அந்த ஆனிமாத ஞாயிற்றுக்கிழமையில்கூட நான் பயந்ததில்லை.

டிரேயைக் கீழே வைத்தேன். "இல்லம்மா. அன்னைக்கு எனக்குப் பதினெட்டு முடிஞ்சு எட்டு மாசம் ஆயிருந்துச்சு. வேணாம்னு நான்தான் சொன்னேன். மாமா கேட்டுக்கிட்டாரு."

வந்தவர்கள் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்கள்.